மைனஸ் 18-இல் ஒடிந்த பட்டை

சித்தப்பா அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கறுப்பாக, விரல் தடிமனில், ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் பட்டை. வாங்கி வளைத்துப் பார்த்தேன். நன்றாக வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. "இதுல என்ன சித்தப்பா குறை?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரைத் திறந்து, அம்மா வைத்திருந்த மீன் பொதியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பட்டையை உள்ளே வைத்து மூடினார். சாயா குடித்தார். மழை, ஷீட் விலை, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று பேச்சு போனது. ஒரு மணி நேரம் கழித்துப் பட்டையை எடுத்து இரண்டு கையாலும் மடக்கினார். மரச்சீனிக் கம்பு ஒடிகிற சத்தத்தோடு அது இரண்டாகப் போனது.

"பாத்தியா மக்களே? நல்லா கலந்த சாதனம். ஒரு கட்டி கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. நல்லா கலந்தா நல்லதுல்லா? பின்ன எதுக்கு ஒடியுது?"

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, சித்தப்பாவுக்கு ஒரு சின்ன ரப்பர் மோல்டிங் யூனிட் இருந்தது. ஒரு மிக்சிங் மில், இரண்டு பிரஸ், ஆறு பேர். குளச்சல் பக்கத்துப் படகுகளின் டீசல் இன்ஜினுக்கு வாஷரும் சீலும் செய்துகொடுப்பதுதான் முக்கியமான தொழில். அதற்கு அவர் வாங்கியது ரெடிமேடாகக் கலந்து வருகிற சரக்கு: எண்ணெயைத் தாங்குகிற செயற்கை ரப்பரான நைட்ரைல் ரப்பர் 70 பங்கு, பி.வி.சி. 30 பங்கு. டீசல் பட்டால் ஊதாது, வெயிலில் வெடிக்காது. பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய சரக்கு. கடற்கரையில் மீன் குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்த ஒருவர், கதவு இடுக்குக்குப் பட்டை வேண்டும், மீன் எண்ணெய் பட்டு ஊதக்கூடாது என்று கேட்டபோது அதே சரக்கைத்தான் அச்சில் வைத்து அழுத்திக் கொடுத்தார். கிடங்குக்குள் மைனஸ் 18 டிகிரி. மூன்றாவது வாரம் மூலையில் விரிசல். ஐந்தாவது வாரம் பட்டை துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. போட்ட பணம் போனது, கூடவே பேரும் போனது.

நான் அப்போது கொச்சியில் பாலிமர், அதாவது ரப்பர், பிளாஸ்டிக் மாதிரி நீளச் சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருட்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓணம் லீவுக்கு வந்த இடத்தில்தான் இது. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒடிந்த துண்டிலிருந்து ஒரு சுண்டுவிரல் அளவு வெட்டி, காகிதத்தில் மடித்து, நோட்டுக்குள் வைத்து எடுத்துப்போனேன். நன்றாகக் கலந்ததனால்தான் அது ஒடிந்தது என்று புரிய இரண்டு மாதம் ஆயிற்று.

கலப்பது என்றால் என்ன என்பதை நான் சின்ன வயதில் அப்பாவின் புகைப்புரையில் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாமலே. குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. விடியும் முன் வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தண்ணீர் விட்டு வடிகட்டி, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்போம். உறைந்ததை ரோலரில் விட்டு ஷீட் அடித்தால் அது தேங்காய்ப் பருப்பு மாதிரி வெளேரென்று இருக்கும். வெயிலிலும் புகையிலும் நாலைந்து நாள் கிடந்தபிறகு தேன் நிறமாகிவிடும். தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்கிறவரின் நிழலுருவம் தெரியும். கடைக்காரரும் அப்படித்தான் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். நடுவில் எங்காவது வெள்ளைப் பொட்டு தெரிந்தால் ஒரு தரம் இறக்கி எழுதுவார். எங்களுக்கு விலை கோட்டயம் சந்தை விலைதான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இருந்தாலும், அப்பா காலையில் மலையாளப் பேப்பரில் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

அந்த வெள்ளை, தண்ணீர். ரப்பரும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது. ஷீட்டுக்குள் மாட்டிக்கொண்ட தண்ணீர் நுண்ணிய துளிகளாக நிற்கிறது, ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பால் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் போனதும் வெளிச்சம் நேரே ஊடுருவுகிறது. பாலிமர்க் கலவைகளுக்கும் இதுவே முதல் சோதனை. இரண்டு பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து மெல்லிய தகடாக்கிப் பார்த்தால், கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் அநேகமாக ஒன்றாகிவிட்டது, மங்கலாக இருந்தால் உள்ளே இரண்டும் தனித்தனியாக நிற்கிறது. ஆனால் துளிகள் மிகவும் பொடியாக இருந்தாலோ, இரண்டிலும் ஒளி ஒரே அளவு வளைந்தாலோ கண் ஏமாந்துவிடும். சித்தப்பாவின் பட்டையில் போதாக்குறைக்குக் கரி வேறு கலந்திருக்கிறது. வெளிச்சம் நுழையவே வழியில்லை. அதை வேறு மாதிரித்தான் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம். இரண்டு பாலிமர்கள் ஒன்றாகக் கலப்பது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. எண்ணெயில் எண்ணெய் கலக்கும், தண்ணீரில் சாராயம் கலக்கும். பாலிமர் மட்டும் பெரும்பாலும் கலக்காது. இதற்கான கணக்கை 1940-களின் தொடக்கத்தில் பால் ஃபுளோரி, மாரிஸ் ஹக்கின்ஸ் என்ற இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார்கள். ஃபுளோரிக்கு 1974-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு அந்தக் கணக்கு புரிந்தது கோயில் கொடைத் திருவிழாவை நினைத்துப் பார்த்தபோது. இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மைதானத்துக்கு வருகிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாக வந்தால், யார் எங்கே நிற்பது என்பதற்கு எண்ணி முடியாத வழிகள் இருக்கும். யாரும் முயற்சி செய்யாமலே அரை மணி நேரத்தில் கூட்டம் கலந்துவிடும். சின்ன மூலக்கூறுகள் கலப்பது இப்படித்தான். பாலிமரில் ஆட்கள் கைகோத்துச் சங்கிலியாக வருகிறார்கள். நம் ரப்பர் பாலில் உள்ள ஒரு சராசரிச் சங்கிலியின் மூலக்கூற்று எடை பத்து லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரு கண்ணியான ஐசோப்ரீனின் எடை 68 என்பதால் கிட்டத்தட்ட 15,000 கண்ணிகள். கையை விடாமல் 15,000 பேர். அவ்வளவு பேரும் சேர்ந்து மைதானத்தில் ஒரே ஒரு ஆளின் சுதந்திரத்தோடுதான் நகர முடியும். கலப்பதனால் வருகிற லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அந்த நிலையில், பக்கத்தில் நிற்கிறவரைத் துளி பிடிக்காவிட்டாலும் போதும், 15,000 கண்ணிகளிலும் அந்தத் துளி வெறுப்பு கூடிக்கொண்டே போய்ச் சங்கிலிகளைப் பிரித்துவிடும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள பங்காளிகள். அவை இரண்டுகூட உருக்கிக் கலந்தால் சேராது.

அப்படியானால் எவை சேரும்? ஒன்றையொன்று உண்மையாகவே ஈர்க்கிற ஜோடிகள். பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்சைடும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஒன்றாகும். 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி நோரில் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது இந்தக் கலவையைத்தான். பி.வி.சி.யில் குளோரின் ஒட்டிய கார்பனில் இருக்கிற ஹைட்ரஜன், எதிரே நைட்ரைல், எஸ்டர் போன்ற ஓர் அணுக்கூட்டத்தைக் கண்டால் அந்தப் பக்கம் சாயும். அதனால் நைட்ரைல் ரப்பரில், அந்த அணுக்கூட்டத்தைத் தாங்கி நிற்கிற அக்ரிலோநைட்ரைல் கண்ணிகளின் பங்கு 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது பி.வி.சி. அதில் நன்றாகக் கலக்கிறது. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே தெரிந்த கலவை. நம் இயற்கை ரப்பரும் இந்தப் பந்தியில் உட்கார முடியும். அதன் இரட்டைப் பிணைப்புகளில் பாதியில் ஆக்சிஜனை ஒட்டி எபாக்சைடாக மாற்றிவிட்டால் அதுவும் பி.வி.சி.யோடு கலந்துவிடும். மரத்திலிருந்து வடிந்த பால் அப்படி மாற முடியும் என்று வகுப்பில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவிடம் போனில் சொன்னேன். அதற்கு விலை கூடக் கிடைக்குமா என்று அவர் கேட்டார்.

ஆக, சித்தப்பாவின் சரக்கு அபூர்வமான ஜோடி. அவர் சொன்னது சரிதான், நன்றாகக் கலந்ததுதான். இனி அது ஒடிந்த கதை.

தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைவதைப் பார்த்திருப்பீர்கள். 24, 25 டிகிரிக்குக் கீழே போனதும் மூலக்கூறுகள் வரிசை கட்டிப் படிகமாகின்றன. உருகுவதும் உறைவதும் அதுதான். இன்னொரு வகை இறுக்கம் இருக்கிறது, அதற்குக் கடலை மிட்டாய்ப் பாகைப் பார்க்க வேண்டும். வெல்லப் பாகு காய்ந்து பதம் வந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டினால் கண்ணாடி மாதிரி சத்தம் வரும். அங்கே எதுவும் வரிசை கட்டவில்லை. திரவம் தாறுமாறாக நின்ற நிலையிலேயே, அசைய முடியாமல் இறுகிவிட்டது. பாலிமர்க்காரர்கள் இதற்குக் கண்ணாடி நிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பொருள் இளகிய நிலையிலிருந்து இந்த நிலைக்குப் போகிற வெப்பநிலைதான் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. மாற்றப் புள்ளி என்று சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேலே இருந்தால் சங்கிலிகள் நெளியும், பொருள் வளையும். கீழே போனால் சங்கிலிகள் நின்றுவிடும், பொருள் ஒடியும்.

இயற்கை ரப்பருக்கு அந்தப் புள்ளி மைனஸ் 65, 70 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பாலிஸ்டைரீனுக்கு 100. பி.வி.சி.க்கு 80 பக்கம். வீட்டு வெப்பத்தில் ரப்பர் ரப்பராகவும் பி.வி.சி. பைப் விறைப்பாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடலை மிட்டாயை மழைக்காலத்தில் டப்பாவுக்கு வெளியே வைத்தால் இளகிப் பல்லில் ஒட்டும். காற்றிலுள்ள ஈரம் பாகில் கலந்து அதன் மாற்றப் புள்ளியைக் கீழே இழுத்துவிடுகிறது. எளிதில் நெளிகிற ஒன்று, விறைப்பான ஒன்றோடு உண்மையாகக் கலந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே புள்ளிதான் இருக்கும், அது இரண்டின் நடுவே எங்கோ நிற்கும். கலந்ததா கலக்கவில்லையா என்று தெரிந்துகொள்ள உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதைத்தான் பார்க்கிறார்கள். கலவையைச் சூடாக்கிக்கொண்டே போகும்போது ஒரே மாற்றப் புள்ளி தெரிந்தால் கலந்திருக்கிறது. இரண்டும் அதனதன் பழைய இடத்திலேயே தெரிந்தால் கலக்கவில்லை. இரண்டு புள்ளிகள், ஆனால் ஒன்றையொன்று நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருந்தால் அரைகுறையாகக் கலந்திருக்கிறது.

இதை அளக்கிற கருவிக்கு டிஃபரன்ஷியல் ஸ்கேனிங் கலோரிமீட்டர், சுருக்கமாக டி.எஸ்.சி. என்று பெயர். பெர்கின் எல்மர் கம்பெனியில் வாட்சனும் ஓனீலும் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. எங்கள் துறையில் ஒன்று இருந்தது. முன்பதிவு செய்து, முறை வருகிற நாளில் மட்டும் தொடலாம். சித்தப்பாவின் துண்டிலிருந்து பிளேடால் ஒரு மெல்லிய சீவல் எடுத்தேன். எட்டு மில்லிகிராம், கடுகு இரண்டு மூன்று சேர்ந்தால் இருக்கிற எடை. சட்டைப் பொத்தானைவிடச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் அதை வைத்து, மேலே மூடி வைத்து, கைப்பிடி அமுக்கில் கவ்வ வைத்தேன். விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டிவிடும் என்பதால் எல்லாம் இடுக்கியால். பக்கத்தில் அதே மாதிரி ஒரு காலிக் கிண்ணம். இரண்டும் ஒரே வேகத்தில் சூடாக வேண்டும், அதற்கு எந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு வெப்பம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைக் கருவி குறித்துக்கொண்டே போகும். சங்கிலிகள் நெளியத் தொடங்குகிற இடத்தில் பொருளின் வெப்பப் பசி திடீரென்று கூடும். வரைபடத்தில் அது ஒரு சின்னப் படியாகத் தெரியும். படிகம் உருகினால் குழி விழும், மாற்றப் புள்ளிக்கு வெறும் படிதான். அந்தப் படி அவ்வளவு மென்மையானது. பழகாத கண்ணுக்கு வரி நேராகப் போவது போலவே இருக்கும்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் இண்டியம் என்ற உலோகத் துணுக்கை உருக்குவோம். அது 156.6 டிகிரியில் உருக வேண்டும். உருகியது. அப்புறம் திரவ நைட்ரஜனைத் திறந்தேன். வெள்ளைப் புகை மேசை விளிம்பில் வழிந்து கீழே போனது. மைனஸ் 100 வரை இறக்கி, நிமிஷத்துக்குப் பத்து டிகிரி வீதம் ஏற்றினேன். ஒருமுறை ஏற்றி, இறக்கி, இரண்டாம் முறை ஏற்றுவதைத்தான் கணக்கில் எடுப்பது வழக்கம். முதல் ஏற்றத்தில் பிரஸ்ஸில் பட்ட சூடு, வெயிலில் கிடந்தது என்று அந்தப் பொருளின் பழைய கதையெல்லாம் கலந்து வரும். இரண்டாவதில் அதன் சுபாவம் மட்டும் தெரியும்.

இரண்டாவது ஏற்றத்தில் ஒரே ஒரு படி தெரிந்தது. கொஞ்சம் அகலமானதுதான், ஆனால் ஒன்றே ஒன்று. நடுப்புள்ளி மைனஸ் 8.

நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1956-இல் தாமஸ் ஃபாக்ஸ் கொடுத்த எளிமையான சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றின் எடைப் பங்கையும் அதன் மாற்றப் புள்ளியால் வகுத்துக் கூட்டினால், கலவையின் மாற்றப் புள்ளியின் தலைகீழ் கிடைக்கும். வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். நைட்ரைல் ரப்பர் மைனஸ் 26 என்று வைத்தேன், அதாவது 247. பி.வி.சி. 80, அதாவது 353. 70-க்கு 30. விடை 272 கெல்வினுக்குப் பக்கம் வந்தது, மைனஸ் 2 டிகிரி அளவு. சித்தப்பா சேர்த்திருந்த கொஞ்சம் எண்ணெய் அதை இன்னும் சில டிகிரி கீழே இழுத்திருக்கிறது. மைனஸ் 8 சரியாகத்தான் இருக்கிறது.

கிடங்கு மைனஸ் 18. அதாவது அந்தப் பட்டை கிடங்குக்குள் இருந்த நாளெல்லாம் ரப்பராகவே இல்லை. கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் கடலை மிட்டாயைச் சாத்தியதுபோல.

நைட்ரைல் ரப்பர் மட்டும் இருந்திருந்தால் மைனஸ் 18-இல் விறைத்திருக்கும், ஆனால் ஒடிந்திருக்காது. பி.வி.சி. அதற்குள் ஒவ்வொரு சங்கிலியின் தோளிலும் கை போட்டு நின்றதால் ரப்பரின் குளிர் தாங்கும் குணம் முழுவதும் போய்விட்டது. முழுசாகக் கலந்தால் இரண்டு பேருடைய குணமும் பாதிப் பாதி ஆகிவிடும். படகு இன்ஜினில் அது நல்லதாக இருந்தது. அங்கே மைனஸ் என்ற பேச்சே இல்லை. வெயிலைத் தாங்குகிற குணம் பி.வி.சி.யிடமிருந்து வந்தது, அதற்குச் சித்தப்பா கொடுத்த விலை குளிரில். நம் ஊரில் கேட்காத விலை என்பதால் யாரும் கேட்கவில்லை.

இது சின்ன யூனிட்டின் தவறு மட்டும் இல்லை. 1986 ஜனவரி 28-ஆம் தேதி சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய காலை புளோரிடாவில் கடும் குளிர். பூஸ்டர் ராக்கெட்டின் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் அந்தக் குளிரில் போதிய வேகத்தில் விரிந்து இடுக்கை அடைக்கவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டை ஒரு கவ்வியில் அழுத்திப் பிடித்து, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்து, கவ்வியைத் திறந்து காட்டினார். அது உடனே எழும்பவில்லை. சித்தப்பா எங்கள் ஃப்ரீசரில் செய்தது அதே சோதனைதான் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவரிடம் அதைச் சொன்னேன். அவர் இறந்தவர்களின் வயதைக் கேட்டார்.

அப்புறம் இருவரும் சேர்ந்து வேறு வழி தேடினோம். யோசனை எளிது: மீன் எண்ணெயைத் தாங்க நைட்ரைல் ரப்பர் வேண்டும், குளிரைத் தாங்க நம் இயற்கை ரப்பர் வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாகக் கலக்காது, அது புத்தகத்திலேயே இருக்கிறது. கலக்காததுதான் நமக்கு வேண்டும். மைனஸ் 65-க்கு மேலே நெளிகிற ஒரு பாகம் தன் குணத்தைக் கைவிடாமல் அப்படியே உள்ளே இருக்கட்டும். பழைய டி.வி.ப் பெட்டிகளும் ஃப்ரிட்ஜின் உள்சுவரும் இதே தத்துவத்தில் செய்த பிளாஸ்டிக்தான். தனியே எடுத்தால் பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் பிரிந்து நின்று விரிசலை ஆங்காங்கே பிடித்து நிறுத்துகின்றன. அந்த ரப்பர் முழுவதும் கரைந்து கலந்துவிட்டால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

சித்தப்பாவின் மில்லில் இயற்கை ரப்பர் 70, நைட்ரைல் 30 என்று போட்டுப் பார்த்தோம். உருளை இரண்டும் எதிரெதிரே சுழல, ரப்பர் பட்டையாகச் சுற்றிக்கொள்ளும்போதே வித்தியாசம் தெரிந்தது. நைட்ரைல் சரக்கு எப்போதும் வழவழவென்று ஓடும். இது ஓரத்தில் நார் நாராகப் பிய்ந்தது. சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. கத்தியால் வெட்டி மடித்து மறுபடி மறுபடி விட்டார். பிரஸ்ஸில் அழுத்தி எடுத்த பட்டையை ஃப்ரீசரில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்தும் வளைந்தது. ஆனால் கையால் இழுத்துக் கிழித்தபோது மேல்தோல் படலம் படலமாக உரிந்து வந்தது, வாழைத் தண்டை உரிப்பதுபோல. உரிந்த முகம் பளபளவென்று இருந்தது. ரப்பர் உடையும்போது முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பளபளப்பு என்றால் உள்ளே இரண்டும் சும்மா பக்கத்தில் நின்றிருக்கின்றன, பிடித்துக்கொள்ளவில்லை.

கலக்காத இரண்டைச் சேர்த்து வேலை வாங்குவதில் முழுக் கஷ்டமும் இந்த எல்லையில்தான் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு துளியையும் சுற்றி ஒரு மெல்லிய எல்லை, அங்கே இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் கொஞ்சமாவது நுழைந்து பிணைய வேண்டும். தானாக நுழையாது என்றால் இரண்டு பக்கமும் பழக்கம் உள்ள மூன்றாவது ஒன்றைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கேரளத்திலிருந்து இந்தத் துறையில் நிறைய வேலை நடந்திருக்கிறது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் சாபு தாமஸ் குழுவினர் பல வருஷங்களாகப் பாலிமர்க் கலவைகளைப் பற்றி எழுதிய கட்டுரைகளை நாங்கள் பாடப் புத்தகத்துக்கு மேலாகப் படித்தோம். நம் தோட்டத்துப் பாலை வைத்து நம் பக்கத்து ஆட்களே செய்த வேலை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சித்தப்பாவின் ரேக்கில் நியோபிரீன் என்ற செயற்கை ரப்பர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதன் முதுகெலும்பு இயற்கை ரப்பரின் சாயலில் இருக்கும். அதிலுள்ள குளோரினால் நைட்ரைலுக்கும் அது அந்நியமில்லை. நூறு பங்குக்கு ஐந்து பங்கு சேர்த்தோம். மில்லில் ஓரம் பிய்வது நின்றது. கிழித்த முகம் சொரசொரப்பானது. கொச்சிக்குக் கொண்டுபோய் டி.எஸ்.சி.யில் வைத்துப் பார்த்தபோது, இரண்டு படிகள்: ஒன்று மைனஸ் 63-இல், இன்னொன்று மைனஸ் 27-இல். ஒன்றையொன்று நோக்கி நகரவே இல்லை. நியோபிரீன் எதையும் கலந்துவிடவில்லை, துளிகளைச் சின்னதாக்கி எல்லையில் பிடிமானம் மட்டும் கொடுத்திருக்கிறது. நான் பார்த்த வரைபடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த இரண்டு படிகள்தான்.

இயற்கை ரப்பருக்கும் குளிரில் ஒரு குறை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யப் போகிறவர்கள் இருந்தால். மாற்றப் புள்ளிக்கு வெகு மேலேயே, மைனஸ் 25 டிகிரியை ஒட்டி, அது மெல்லப் படிகமாகத் தொடங்கும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் விறைக்கும். கந்தகம் போட்டு நன்றாக வேகவைத்தால் சங்கிலிகள் வரிசை கட்டுவது தடைப்பட்டு இது வெகுவாகக் குறையும். வேக்காடு குறைந்த பட்டையைக் குளிர்க் கிடங்குக்குக் கொடுக்காதீர்கள். ஃப்ரீசரில் ஒரு மணி நேரச் சோதனை இதைக் காட்டாது, ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கலக்கவில்லை என்றால் சூட்டைக் கூட்டு என்பது பட்டறையில் எல்லோரும் சொல்வது. சாயாவில் சர்க்கரைக்கு அது சரி. பாலிமரில் பல ஜோடிகள் நேர்மாறாக நடக்கும். பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் குளிர்ந்திருக்கும்போது ஒன்றாக, தெளிவாக இருக்கும், சூடாக்கினால் ஒரு கட்டத்தில் பால் மாதிரி மங்கிப் பிரிந்துவிடும். பி.வி.சி. கலவைகளுக்கு வேறு ஆபத்து. சூடு மிஞ்சினால் ஹைட்ரஜன் குளோரைடு கழன்று வெளியே வரத் தொடங்கும், நிறம் மாறும், மூக்கு எரியும். கலக்கட்டும் என்று கூட்டிய சூட்டில் சரக்கே கருகிவிடும்.

பஞ்சாயத்துக் குப்பைப் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசும்போதும் எனக்கு இதே நினைவுதான் வருகிறது. பாட்டில் ஒன்று, மூடி வேறொன்று, கவர் மற்றொன்று. எல்லாவற்றையும் அரைத்து ஒன்றாக உருக்கினால் ஒரு நல்ல பலகை வரும் என்று நம்பி இயந்திரம் வாங்கியவர்களை இரண்டு மாநிலத்திலும் பார்த்திருக்கிறேன். வருவது கை வைத்தால் உரிகிற பலகை. பிரித்து எடுப்பதற்குக் கூலி கொடுப்பது வீண் செலவு இல்லை. பிரிக்க முடியாத மிச்சத்துக்கு மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழி எனக்குப் பிடிக்கும். அரைத்த பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவி, கல்லுக்கு மேல்பூச்சாக்கி, அப்புறம் தார் ஊற்றுவது. அங்கே பிளாஸ்டிக்குகள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டால் போதும்.

புதுப் பட்டையைக் கிடங்குக்காரர் முதலில் வாங்கவே மறுத்தார். சித்தப்பா ஒரு மீட்டரை இலவசமாகக் கொடுத்து, உள்ளே சும்மா தொங்கவிடுங்கள், ஒரு மாதம் கழித்து நானே வந்து மடக்கிக் காட்டுகிறேன் என்றார். சொன்னபடி போனார். வளைந்தது. கதவில் மாட்டியபிறகு இரண்டு வருஷம் ஓடியதாகச் சொன்னார், பிறகு விளிம்பில் கொஞ்சம் தேய்ந்ததால் மாற்றினார்கள்.

அவரிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம்: பங்கு, மில் நேரம், பிரஸ் சூடு, ஷோர் மீட்டரில் காட்டிய கடினம், யாருக்குக் கொடுத்தது. போன முறை போனபோது புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் வலது ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு ஒரு பத்தி புதிதாகச் சேர்த்திருந்தார். மேலே "எவ்வளவு தணுப்பு, எவ்வளவு சூடு" என்று எழுதியிருந்தது. நான் அங்கே இருந்தபோதே ஒரு கசுவண்டி (முந்திரி) பேக்டரியிலிருந்து போன் வந்தது, நீராவி வருகிற மூடிக்கு வளையம் வேண்டும் என்று. வழக்கமாக முதலில் அளவு கேட்பார். அன்றைக்கு, "நீராவி எத்தன டிகிரி அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு பென்சிலைத் தேடினார்.